அம்மைக்கும் மகளுக்கும் நடுவுல நான் எதுக்கு?

26 ஜூலை 2024
திங்கள்சந்தையில இருந்து ஒரு அண்ணன் இந்த இணையப் பக்கத்துல கேட்டது: "அப்பாவுக்கு 79 வயசு, பையனுக்கு 22. ஒரே வீடு, ஒரே சோறு. ஆறு மாசமா ரெண்டு பேரும் நேருக்கு நேர் பேசல. அப்பா சொல்றதை நான் பையன்கிட்ட கொண்டு போகணும், பையன் சொல்றதை அப்பாகிட்ட கொண்டு வரணும். கலாச்சாரம் கெட்டுப் போச்சுன்னு அப்பா. இந்தக் காலத்துலயும் இப்படியான்னு பையன். நடுவுல கெடந்து நான் என்ன செய்ய?"

27 ஜூலை
அண்ணா, உங்க இடத்துலதான் நானும் இருக்கேன். அம்மைக்கு 83. மகளுக்கு 26, பெங்களூருல வேலை. எனக்கு 53, பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர். குமரி மாவட்டத்துல குழித்துறை ஆத்துப் பக்கம் வீடு. தொண்டையில இருந்து சத்தம் வராம ஒரு வாரம் ஆச்சு. குரல்நாணுல முடிச்சு, ரெண்டு வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது, ரகசியம் பேசற மாதிரி கூடப் பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதனாலதான் இங்க வந்து எழுதுறேன்.

நான் கண்ட வழி இதுதான். பெரியவங்க பேச்சுல இருக்க கோவத்தை எடுத்துட்டு விஷயத்தை மட்டும் சின்னவங்ககிட்ட சொல்லணும். சின்னவங்க பேச்சுல இருக்க துடுக்கை எடுத்துட்டுப் பெரியவங்ககிட்ட சொல்லணும். கல்யாணம் ஆன புதுசுல இவர் மஸ்கட்டுல இருந்து பேசிப் பதிஞ்சு கேசட் அனுப்புவார். மாமியாரை உட்கார வச்சு நான்தான் பட்டனை அமுக்குவேன். எங்க நிறுத்தணும், எந்த இடத்தை ஓட்டி விடணும்னு எனக்குத் தெரியும். வீடு சண்டை இல்லாம ஓடிச்சு. அதுக்கு அப்புறம் அம்மைக்கும் மகளுக்கும் நடுவுலயும் அதையேதான் செய்யறேன்.

28 ஜூலை
மகள் வந்துட்டா. ஐலண்ட் எக்ஸ்பிரஸுல வந்து குழித்துறையில இறங்கினா. கொஞ்ச நாள் வீட்டுல இருந்தே வேலை பார்க்கலாம்னு ஆபீசுல சொல்லியிருக்காங்களாம். எனக்குப் பயமா இருக்கு. ரெண்டு பேரும் ஒரே வீட்டுல, நான் வாய் திறக்க முடியாது.

30 ஜூலை
மழை விடல. மகளுக்க ஜீன்ஸ் மூணு நாளா கொடியில கெடக்கு. இன்னைக்குக் காலையில அம்மை அதைக் கையால அமுக்கிப் பார்த்துட்டுச் சொல்லிச்சு: "மக்களே, இதை அடுப்படியில கொண்டு போடு. போன வருஷமே உனக்க அம்மைகிட்ட சொன்னேன், இந்த மழைக்கு இந்தத் துணி காயாது, ஈரத்தோட போட்டா தொடை புண்ணாவும்னு."

மகள் திரும்பி என்னைப் பார்த்தா. "பாட்டிக்கு ஜீன்ஸ் பிடிக்கலன்னுதானேம்மா நீ போன்ல சொன்ன? சுடிதார் எடுத்துட்டு வான்னு சொன்னல்ல?"

அம்மை சொன்னது "காயாது". நான் கொண்டு போய்ச் சேர்த்தது "பிடிக்கல". பிடிக்காதது எனக்கு. ஊருக்காரங்க என்ன நினைப்பாங்கன்னு இருந்ததும் எனக்கு. அதை நேரா மகள்கிட்ட சொல்ல மனசு வராம பாட்டி பேருல சொல்லியிருக்கேன். ஒரு வருஷமா அவ ஊருக்கு வரும்போதெல்லாம் தனியா ஒரு பையில சுடிதார் கொண்டு வந்தா, பாட்டிக்காக. பாட்டிக்கு அது தெரியவே தெரியாது.

27ஆம் தேதி எழுதினதை இப்ப வாசிச்சுப் பார்க்கிறேன். கோவத்தை எடுத்துட்டுச் சொல்லணும்னு எழுதியிருக்கேன். எடுத்தது மட்டும் இல்ல, என் சரக்கையும் சேர்த்திருக்கேன்.

31 ஜூலை
குளச்சல்காரர் ஒருத்தர் கீழ எழுதியிருக்கார், நம்ம பண்பாட்டுல பொம்பளைங்க உடுப்புக்கு ஒரு ஒழுங்கு இருந்துச்சு, இப்பத்தான் எல்லாம் மாறிப் போச்சுன்னு. ஐயா, நாம இருக்கது எந்த ஊரு? தோள்சீலைக்காக, அதாவது மாரை மறைக்கிற மேல்துணிக்காக, நம்ம பொம்பளைங்க சந்தையிலயும் தெருவுலயும் அடி வாங்கின ஊரு. மேல துணி போட்டா ஒழுங்கு கெட்டுப் போச்சுன்னு சொன்ன காலம் இருந்துச்சே. 1859 ஜூலை 26ல திருவிதாங்கூர் ராஜா விளம்பரம் போட்ட பிறகுதானே அது தீர்ந்துச்சு. போன வெள்ளிக்கிழமையோட 165 வருஷம்.

மகள் இதைப் பாட்டிகிட்ட வாசிச்சுக் காட்டினா. அம்மை அதுக்கு அதுக்க சொந்தக் கதையை எடுத்துச்சு. 1961ல கல்யாணம் முடிஞ்சு வந்தப்போ அம்மைக்க மாமியார் முண்டும் சட்டையும்தான் போடுவாங்களாம். அம்மை சேலை கட்டிட்டு முத்தத்துல இறங்கினதுக்கு, "சினிமாக்காரி மாதிரி எங்க போறா?"ன்னு கேட்டு ஒரு மாசம் முகம் கொடுத்துப் பேசலையாம். "அப்ப நீ என்ன பாட்டி செஞ்ச?" "நான் என்ன செய்ய? இருந்தது ரெண்டு சேலை. மாத்தி மாத்திக் கட்டினேன்."

1 ஆகஸ்ட்
நேத்து எழுதினதுல ஒரு திருத்தம். 1859ல "தீர்ந்துச்சு"ன்னு எழுதினது தப்பு. மகள் தேடி எடுத்துக் காட்டினா. அந்த விளம்பரம் மேல துணி போடலாம்னு சொன்னாலும், உயர்ந்த ஜாதிப் பொம்பளைங்க போடுற மாதிரி போடக் கூடாதுன்னும் சேர்த்துச் சொல்லுது. குப்பாயம்னு சொல்ற சட்டை போட்டுக்கலாம், இல்லன்னா மீன்பிடிக்கிற முக்குவப் பொம்பளைங்க மாதிரி முரட்டுத் துணியைச் சுத்திக் கட்டிக்கலாம். அதாவது போடலாம், ஆனா எப்படிப் போடணும்னு நாங்க சொல்லுவோம். எனக்கு அந்த வரியை வாசிச்சப்போ நெஞ்சுல குத்துச்சு. "ஜீன்ஸ் போடு, ஆனா ஊருக்கு வரும்போது போடாத"ன்னு சொன்னவ நான்.

4 ஆகஸ்ட்
ஆடி அமாவாசை. ரெண்டு பேரும் என்னை விட்டுட்டு வாவுபலிப் பொருட்காட்சி பார்க்கப் போயிட்டாங்க. பாட்டிக்கு நடக்க முடியாது, ஆட்டோ பிடிச்சு. செந்துளுவன் வாழைக்கன்னு ரெண்டும், எனக்கு ஒரு அகப்பையும் வாங்கிட்டு வந்தாங்க. வரும்போது ரெண்டு பேரு முகத்துலயும் ஏதோ இருந்துச்சு. என்னன்னு கேக்க முடியல.

5 ஆகஸ்ட்
தெரிஞ்சு போச்சு. மகளுக்கு ஒரு பையன் இருக்கான். அது எனக்கு ஒரு வருஷமாத் தெரியும். திருச்சூர்ப் பக்கம், இந்து வீடு, கூட வேலை பார்க்கிறவன். "பாட்டிகிட்ட நீயே பக்குவமாச் சொல்லும்மா"ன்னு சொல்லியிருந்தா. நான் அம்மைகிட்ட சொன்னது, "பிள்ளைக்கு வேலையில உயர்வு வரணுமாம், ரெண்டு வருஷம் போகட்டுமாம்." மகள்கிட்ட சொன்னது, "பாட்டிக்கு இப்ப உடம்பு சரியில்ல, பிறகு பார்ப்போம்." ரெண்டுமே முழுப் பொய் இல்ல. உயர்வு வர வேண்டியதுதான், அம்மைக்கு மூட்டுவலிதான்.

நேத்து ஆட்டோவுக்குக் காத்து நிக்கும்போது மகளே சொல்லிட்டா. பாட்டி கேட்ட முதல் கேள்வி, "எந்த ஊரு?" ரெண்டாவது, "உனக்க அம்மைக்குத் தெரியுமா?" ராத்திரி அம்மை சரியாச் சாப்பிடல. ஜெபமாலையை வச்சுட்டு ரொம்ப நேரம் இருந்துச்சு. அழுதுச்சுன்னு நினைக்கிறேன். சந்தோஷமா ஏத்துக்கிட்டுதுன்னு யாரும் எடுத்துக்க வேண்டாம்.

7 ஆகஸ்ட்
இதை எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். அம்மைகிட்ட எழுதிக் காட்டிக் கேட்டேன். எழுதுன்னுச்சு.

பின்வாசல்ல உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கு தோல் உரிச்சுட்டு இருந்தாங்க. அம்மை கத்தியால நீளமா ஒரு கீறு கீறி, கட்டைவிரலை உள்ள விட்டு ஒரே சுத்துல தோலை உரிச்சுப் போடும். மகளுக்கு அது வரல, துண்டு துண்டாத்தான் வருது. நான் உள்ள இருந்து கேட்டுட்டு இருந்தேன். மகள் கேட்டா, "பாட்டி, உனக்க அண்ணன்மாரு ஏன் இங்க வர்றதே இல்ல?"

எனக்குத் தெரிஞ்ச பதில், ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில மரியாதைக் குறைவு ஆகிப் போச்சு. நாப்பது வருஷமா நான் அதைத்தான் எல்லாருக்கும் சொல்லிட்டு வர்றேன்.

அம்மை சொன்னது வேற. அம்மைக்க அப்பா, எனக்க பாட்டா, வில் எழுதி வைக்காம 1974ல போயிட்டார். அப்ப இங்க கிறிஸ்தவங்களுக்கு 1916ல போட்ட திருவிதாங்கூர் சட்டம்தான் நடைமுறை. ஆணுக்கு ஒரு பங்குன்னா பெண்ணுக்கு அதுல கால் பங்கு, இல்லன்னா 5,000 ரூபா, ரெண்டுல எது குறைவோ அது. ஸ்ரீதனம் வாங்கிட்டுப் போனவளுக்கு அதுவும் கிடையாது. 1986ல மேரி ராய் போட்ட வழக்குல சுப்ரீம் கோர்ட்டு அது செல்லாது, ஆணுக்கும் பெண்ணுக்கும் சமபங்குன்னு தீர்ப்புச் சொல்லிச்சு. 1951ல இருந்தே அப்படித்தான்னு தீர்ப்பு. அம்மை அதை மலையாளப் பத்திரிகையில வாசிச்சிருக்கு. வாசிச்சுட்டு, யாருகிட்டயும் சொல்லாம, அடுத்த வருஷம் பஸ் ஏறி குழித்துறையில ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்திருக்கு. வக்கீல், கேட்டா கிடைக்கும்னு சொல்லியிருக்கார். அம்மை கேஸ் எதுவும் கொடுக்கல. அண்ணன்மாரு வீட்டுக்குப் போய்க் கேட்டுச்சு, அவ்வளவுதான். கேட்டதோட அவங்க வரத்து நின்னு போச்சு.

எனக்கு அப்ப 16 வயசு. அதே வீட்டுலதான் இருந்தேன்.

சாயங்காலம் ஒரு தாளுல எழுதி நீட்டினேன்: "என்கிட்ட ஏன் சொல்லல?" அம்மை கண்ணாடி போட்டு வாசிச்சுட்டு, தாளை மடிச்சுக் கையில வச்சுட்டே சொல்லிச்சு: "உன்கிட்ட சொன்னா நீ யாருகிட்ட எப்படிக் கொண்டு போய்ச் சொல்லுவியோன்னு இருந்துச்சு மக்களே. நீ நல்லதுக்குத்தான் சொல்லுவ. ஆனா நான் சொன்ன மாதிரி சொல்லமாட்ட."

8 ஆகஸ்ட்
நேத்து எழுதினதுக்குக் கீழ நிறையப் பேரு சொத்துக் கேள்வியா கேக்குறீங்க. நான் வக்கீல் இல்ல. கொடுத்த சொத்தைத் திருப்பி வாங்க முடியுமான்னு கேட்ட பெரியவருக்கு மட்டும்: 2007ல வந்த மூத்த குடிமக்கள் சட்டத்துல 23ஆவது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. கவனிச்சுக்கணும்ங்கிற நிபந்தனையோட எழுதிக் கொடுத்து, வாங்கினவங்க கவனிக்கலன்னா, அந்த ஆதாரத்தை ரத்து செய்யச் சொல்லிக் கேக்கலாம். உங்க ஆதாரத்துல அந்த வரி இருக்கான்னு முதல்ல ஒரு வக்கீலைக் காட்டிக் கேளுங்க. மகன்கிட்ட ஒரு வார்த்தை பேசிப் பார்த்துட்டுப் போங்க.

11 ஆகஸ்ட்
1954ல இதே நாள்தான் மார்த்தாண்டத்துலயும் புதுக்கடையிலயும் துப்பாக்கிச் சூடு. அப்ப நம்ம பகுதி திருவிதாங்கூர்-கொச்சியில இருந்துச்சு, தமிழ்நாட்டோட சேரணும்னு போராடினவங்க மேல. அம்மைக்கு அப்ப 13 வயசு. பாட்டா வாசல் கதவுல குறுக்குக் கட்டையைப் போட்டு, பிள்ளைகளை அடுப்படியில உட்கார வச்சாராம். 1956 நவம்பர் 1ல அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் தமிழ்நாட்டோட சேர்ந்துச்சு. அதுக்குள்ள அம்மைக்கு எட்டாம் கிளாசோட படிப்பு முடிஞ்சு போச்சு. படிச்சது முழுக்க மலையாளம். தமிழ் எழுத்து வேதபுத்தகத்தை வச்சுத் தானா படிச்சுச்சு. நான் 1971ல பிறந்தவ, எல்லாம் தமிழ்ல படிச்சேன். மலையாளம் கேட்டாப் புரியும். வாசிக்கத் தெரியாது. களியக்காவிளையில கேரள பஸ் போர்டைப் பார்த்துப் பார்த்துப் பழகின நாலஞ்சு எழுத்து, அதோட சரி.

இதை ஏன் எழுதுறேன்னா, முந்தாநாள் ஒரு கடிதம் வந்துச்சு. தபால்ல. அம்மை பேருக்கு. அந்தப் பையன் எழுதியிருக்கான், ரெண்டு பக்கம், கையால, மலையாளத்துல. பாட்டிக்கு மலையாளம் வாசிக்கத் தெரியும்னு மகள் சொல்லியிருக்கா.

அம்மை கண்ணாடியை மாட்டிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துச்சு. வாசிக்கும்போது உதடு அசையும், சத்தம் வராது. முதல் பக்கம் முடியற இடத்துல ஒரு தடவை சிரிச்சுச்சு. ரெண்டாவது பக்கத்தைத் திருப்பித் திருப்பி வாசிச்சுச்சு. மகளும் நானும் எதிர்ல நின்னோம். கை நீட்டினேன், கொடுத்துச்சு. வாங்கிப் பார்த்தேன். அழகான கையெழுத்து. எனக்க வீட்டுக்கு வந்த கடிதம், எனக்க மகளைப் பத்தின கடிதம், ஒரு வார்த்தை எனக்கு வாசிக்கத் தெரியல. மகளுக்கும் தெரியாது.

பிறகு அம்மைதான் எங்களுக்குச் சொல்லிச்சு. பையனுக்க அம்மூம்மை, அதாவது பாட்டி, போன வருஷம் போயிட்டாங்களாம், அவங்ககிட்ட முதல்ல சொல்லணும்னு இருந்தானாம், முடியல, அதனால உங்ககிட்ட சொல்லுறேன்னு எழுதியிருக்கானாம். எதுக்குச் சிரிச்சன்னு கேட்டதுக்கு, "அது எனக்குள்ளது"ன்னுச்சு. எல்லாத்தையும் சொல்லிச்சா, எதையாவது விட்டுட்டுச் சொல்லிச்சா, தெரியல. முப்பது வருஷத்துல முதல் தடவையா நான் அந்தப் பக்கம் நின்னேன். ஒருத்தர் வாசிச்சுச் சொல்றதை மட்டும் நம்பி நிக்கது எப்படி இருக்கும்னு அப்பத்தான் தெரிஞ்சுது.

12 ஆகஸ்ட்
டாக்டர் இன்னைக்குப் பேசலாம்னுட்டார், மெதுவா, கொஞ்சமா.

திங்கள்சந்தை அண்ணனுக்கு: என் முதல் பதிலைத் தூக்கிப் போடுங்க. உங்க அப்பாவும் பையனும் பேசாம இருக்கதுக்கு, நீங்க பேசிட்டு இருக்கதும் ஒரு காரணமா இருக்கலாம். ஒரு வாரம் எதையும் கொண்டு போகாம, கொண்டு வராம இருந்து பாருங்க.

20 ஆகஸ்ட்
அண்ணன் எழுதியிருக்கார். சொன்ன மாதிரி செஞ்சாராம். மூணாம் நாள் அப்பாவுக்கும் பையனுக்கும் பெரிய சண்டை, அப்பா ராத்திரி சோறு உண்ணல, பையன் கூட்டுக்காரன் வீட்டுக்குப் போயிட்டான்.

அண்ணா, மன்னிச்சுக்கங்க. அவசரப்பட்டுச் சொல்லிட்டேன். என் வீட்டுல நான் விலகிப் போகல, அதே அறையில உட்கார்ந்துதான் இருந்தேன், வாய் மட்டும் இல்ல. அம்மை கோவப்பட்டா என் கையைப் பிடிக்கும். மகள் அழுதா என் மடியில வந்து படுப்பா. அதை நான் எழுதாம விட்டுட்டேன். அதோட எங்க அம்மைக்குப் பேசப் பிடிக்கும், ஆள் கிடைக்காம இருந்துச்சு. உங்க அப்பா எப்படின்னு உங்களுக்குத்தான் தெரியும். இப்பவும் நடுவுல நிக்கதே தப்புன்னு நான் சொல்லல. ஆனா ஒரு வார்த்தையைக் கொண்டு போனா அதே வார்த்தையைக் கொண்டு போங்க. "காயாது"ன்னா "காயாது".

பையனைத் தேடி அப்பாவே போகட்டும்னு விடாதீங்க, நீங்க கூடப் போங்க.

23 ஆகஸ்ட்
பையன் திரும்பி வந்துட்டானாம். அப்பாவும் அண்ணனும் சேர்ந்து போய்க் கூட்டிட்டு வந்தாங்களாம். பேச்சு இன்னும் இல்ல. ஆனா பைக்குல பின்னால உட்கார்ந்து வந்தது அப்பாவாம். அண்ணன் பஸ்சுல வந்திருக்கார். வாசிச்சுட்டு நான் அம்மைகிட்ட ஓடிப் போய்ச் சொன்னேன்.

19 செப்டம்பர்
ஓணத்துக்கு மறுநாள் பையன் வீட்டுக்காரங்க வந்தாங்க. அம்மை கருப்பட்டிக் காப்பி போடச் சொல்லிச்சு. அவங்களுக்குப் பழக்கம் இல்ல, ஆனா குடிச்சாங்க. அம்மையும் பையனுக்க அம்மாவும் ஒரு மணி நேரம் பேசினாங்க. அவ்வளவு வேகத்துல பாதிதான் எனக்குப் புரிஞ்சுது. இவர் ரப்பர் ஷீட்டு அடிக்கிற மெஷினைக் காட்டப் பையனுக்க அப்பாவைக் கூட்டிட்டுப் போயிட்டார்.

எல்லாம் ஒத்து வந்துட்டுதுன்னு இல்ல. மாதா கோயில்ல வச்சுத்தான் கல்யாணம்னு அம்மை. யாரும் மதம் மாறாம பதிவுக் கல்யாணம்னு மகள். ரெண்டு பேரும் என்னை விடாம, நேருக்கு நேரா, சத்தமாச் சண்டை போட்டாங்க. அம்மை ரெண்டு நாள் பேசல. மூணாம் நாள் மகள்தான் போய் 1954ஆம் வருஷச் சிறப்புத் திருமணச் சட்டத்தை விளக்கிச் சொன்னா. ரெண்டு பேருல ஒருத்தர் 30 நாள் இந்த ஜில்லாவுல தங்கியிருக்கணும். எழுதிக் கொடுத்ததை ஆபீசுல ஒட்டி வைப்பாங்க, 30 நாளுக்குள்ள யாராவது ஆட்சேபம் சொல்லலாம். அம்மை கேட்டுச்சு, "நம்ம கோயில்ல மூணு ஞாயித்துக்கிழமை ஓலை வாசிக்கிற மாதிரியா?" "அப்படித்தான் பாட்டி." "யாரும் ஒண்ணும் சொல்லலன்னா?" "மூணு சாட்சி கையெழுத்துப் போட்டாப் போதும்."

அம்மை அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல. கோயில்ல வச்சு நடக்கலங்கிற சங்கடம் அதுக்கு இருக்கு, இருக்கத்தான் செய்யும். இன்னைக்கு சார்பதிவாளர் ஆபீசுல எழுதிக் கொடுத்துட்டு வந்தோம்.

20 அக்டோபர்
நாளைக்குக் கல்யாணம். மூணு சாட்சியில ஒண்ணு அம்மை. அதுவேதான் கேட்டு வாங்கிச்சு.

ராத்திரிச் சாப்பாடு முடிஞ்சு, காலண்டர்ல கிழிச்ச தாளுக்குப் பின்னால கையெழுத்துப் போட்டுப் பார்க்குது. பேங்குல கை நாட்டு வச்சே பழகிப் போச்சு, கை நடுங்குதுன்னு ரெண்டு வருஷமா அப்படித்தான். "எந்த எழுத்துல போடணும்?"னு மகள்கிட்ட கேட்டுச்சு. எதுல வேணும்னாலும் போடலாம்னு மகள் சொன்னா. மலையாளத்துல ஒண்ணு போட்டுச்சு, கீழ தமிழ்ல ஒண்ணு. தமிழ்ல போட்டது கொஞ்சம் சரிஞ்சு போச்சுன்னு இன்னொரு தாள் கேக்குது.